பெரியவளின் படம்

வேலை விட்டு வந்ததும் அம்மா கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் நேராகப் படத்தின் முன்னால் போய் நின்றுகொண்டாள். "இன்னைக்கு ஒரே ஆளு பதினோரு தடவ கூப்பிட்டான்டி. பதினோரு தடவையும் தப்பான நம்பர். கடைசியில உங்க குரல் நல்லாருக்குன்னு சொல்லிட்டு வச்சுட்டான்" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். பிறகு வழக்கம் போல விரல் நுனியால் கண்ணாடியின் மேல், படத்தின் இடது கண் இருக்கும் இடத்தில், இரண்டு தடவை துடைத்தாள். அங்கே ஒரு தூசி இருப்பதாக அவளுக்கு எட்டு மாதமாக எண்ணம். என்ன தேய்த்தும் அது போகிற வழியாக இல்லை.

சின்னவள் டீ டம்ளரோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். டீ போட்டுக் கால் மணி நேரம் ஆகிவிட்டது, மேலே ஆடை கட்டிவிட்டது. அம்மா கையை நீட்டினாள். சின்னவள் அதில் டம்ளரை வைத்தாள். டம்ளர் தானாக நடந்து வந்தது போல அம்மா அதை வாங்கிக்கொண்டு, மறுபடி படத்தைப் பார்த்துக் கதையைத் தொடர்ந்தாள். பெரிய அலுவலகம் ஒன்றில் அவளுக்கு டெலிபோன் போர்டில் வேலை. ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் சாயங்காலம் வரை முகம் தெரியாதவர்களோடுதான் பேச்சு. அப்படிப்பட்டவள் வீட்டுக்கு வந்து சுவரோடு பேசுவதில் என்ன அதிசயம் என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன போயிற்று, அவரவர் வீட்டுப் பிள்ளைகள் அவரவர் வீட்டில் இருக்கின்றன.

அம்மா சின்னவளோடு பேசாமல் இல்லை. சாப்பிட்டியா என்று கேட்பாள். துணியை எடுத்து மடித்தாயா என்று கேட்பாள். ஆனால் அதையெல்லாம் துணிக்கூடையைப் பார்த்துக் கேட்பாள், தரையைப் பார்த்துக் கேட்பாள், தண்ணீர்க் குழாயைப் பார்த்துக் கேட்பாள். எட்டு மாதத்தில் ஒரு தடவையாவது நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்திருப்பாளா என்று சின்னவள் உட்கார்ந்து யோசித்துப் பார்த்திருக்கிறாள். இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை, இரண்டு அறை வைத்திருந்தால்கூடத் தேவலை. பதினாறு வயதில் ஒருத்தி சொந்த வீட்டில், சொந்த அம்மா கண்ணில் படாமல் நடமாடிக்கொண்டிருந்தாள்.

படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சும்மா சொல்லக் கூடாது, படம் நன்றாகத்தான் வந்திருந்தது. பெரியவள் மொட்டை மாடியில் நின்று சிரிக்கிறாள். காற்றில் இரண்டு மூன்று முடி நெற்றியில் விழுந்திருக்கிறது. கண் இரண்டும் திறந்து, பார்க்கிறவர்களை நேராகப் பார்க்கிறது. துக்கம் கேட்க வந்த அத்தை அதன் முன்னால் நின்று, அப்படியே உயிரோடு நின்று பார்க்கிற மாதிரியே இருக்கிறதே என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்பா சட்டென்று எழுந்து வெளியே போய்விட்டார். அவர் ஏன் போனார் என்பது அந்த வீட்டில் சின்னவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அப்பா ஸ்டூடியோ வைத்திருந்தார். ஊரில் பாதிப் பேருடைய அடையாள அட்டையில் இருப்பது அவர் எடுத்த முகம்தான். கைக்குழந்தையாக இருந்தாலும் சரி, கழுத்து நிற்காத கிழவராக இருந்தாலும் சரி, ஸ்டூலில் உட்கார வைத்து ஏதாவது பேசிச் சிரிக்க வைத்து ஒரே தடவையில் எடுத்துவிடுவார். அவருடைய கெட்டிக்காரத்தனம் தோற்ற ஒரே இடம் பெரியவள்தான். ஃபிளாஷ் வெளிச்சம் வருவதற்கு ஒரு இமைப்பொழுது முன்னால் அவளுக்குக் கண் மூடிக்கொள்ளும். அவள் வேண்டுமென்று செய்வதில்லை. ஃபிளாஷ் இல்லாமல் எடுத்துப் பார்த்தார்கள், கேமராவில் சத்தம் வரும் முன்பே மூடிக்கொண்டாள். கல்லூரி அட்டைக்கு இருபது படம் எடுத்து, அதில் ஒன்றில் பாதிக் கண் திறந்திருந்தது. தூக்கத்தில் எழுப்பி உட்கார வைத்த மாதிரி இருந்தாள். அதைக் காட்டிக் காட்டி வீடே ஒரு வாரம் சிரித்தது. கைப்பேசியில் படம் எடுக்கிற காலம் அப்போது இன்னும் வந்திருக்கவில்லை. எடுத்தால் அப்பா எடுக்க வேண்டும், அப்பா எடுத்தால் கண் மூடியிருக்கும். அதனால் பத்தொன்பது வருடம் வாழ்ந்த பெண்ணுக்குக் கண் திறந்த படம் ஒன்றுகூட இல்லாமல் போய்விட்டது. இருக்கிறவரை அது சிரிப்பாகத்தான் இருந்தது.

எல்லாம் முடிந்த மறுநாள் காலை பத்து மணிக்கு அப்பா சின்னவளை ஸ்டூடியோவுக்கு வரச் சொன்னார். ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தார், குனிந்து உள்ளே போனாள். ஸ்டூலில் உட்காரச் சொன்னார். குடை விளக்கை இடது பக்கம் நகர்த்தினார், மோவாயைக் கொஞ்சம் இறக்கச் சொன்னார். கண்ணை மூடாமல் என்னையே பார் என்றார். அழுது அழுது அவளுக்குக் கண் சிவந்திருந்தது. அக்காதான் போய்விட்டாள், இவளையாவது ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று அப்பாவுக்குத் தோன்றிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தாள். அவ்வளவு துக்கத்திலும் அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது. அதனால் கண் கொட்டாமல் அப்பாவையே பார்த்தாள்.

டிஜிட்டல் கேமராவும் கம்ப்யூட்டரும் வாங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அப்பா ஒற்றை விரலால் ஒவ்வொரு பொத்தானாகத் தேடித் தேடி அழுத்தினார். திரையில் மொட்டை மாடிப் படம் வந்தது. பெரியவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அந்த மூடிய இமைகளின் மேல் இரண்டு கண்கள் வந்து உட்கார்ந்தன. அப்பா அவற்றை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். சிவப்பை எடுத்தார். ஓரங்களைத் தேய்த்து மறைத்தார். அக்கா தங்கை இரண்டு பேருக்கும் முக அமைப்பு ஒரே அச்சு, பொருந்திவிட்டது. இடது கண் வெள்ளையில் கடுகளவு ஒரு பழுப்புப் புள்ளி சின்னவளுக்குப் பிறந்ததிலிருந்து உண்டு. அதை மட்டும் அவர் கவனிக்கவில்லை.

"கண்ணு மூடுன படத்த எப்படிம்மா சுவத்துல மாட்டுறது?" என்றார் அப்பா. திரும்பாமல்தான் சொன்னார். "நேத்து பாத்த மாதிரியே இருக்காதா? அம்மா தாங்க மாட்டா. அவகிட்ட சொல்லிடாத."

அவள் சொல்லவில்லை.

அம்மாவுக்குத் தன் மேல் இருக்கிற கோபத்துக்கு என்ன காரணம் என்று தனக்குத் தெரியும் என்றுதான் சின்னவள் நினைத்துக்கொண்டிருந்தாள். பெரியவளுக்கு வந்தது மூளைக்காய்ச்சல். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள், பெரும்பாலும் நினைவில்லாமல். எட்டாம் நாள் மத்தியானம் சின்னவள் அங்கே இருந்திருக்க வேண்டும். அந்த வார்டின் வாசனையும், கட்டிலில் கிடந்த உடம்பு அக்காவாக இல்லாமல் வேறு யாரோ போல ஊதியிருந்ததும் அவளுக்குத் தாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பரீட்சை இருக்கிறது என்று வாய் கூசாமல் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். வாசலில் நின்ற பஸ்ஸில் ஏறி, அது எங்கே போகிறது என்றுகூடப் பார்க்காமல், கடைசி நிறுத்தம் வரை போய் அதே பஸ்ஸில் திரும்பி வந்தாள். வந்தபோது பெரியவள் கண் விழித்து, சின்னவள் எங்கே என்று கேட்டுவிட்டு மறுபடி மூடியிருந்தாள். அதற்குப் பிறகு திறக்கவில்லை. "உன்னத்தான் கேட்டா" என்றாள் அம்மா. அவ்வளவுதான். அதுதான் அம்மா கடைசியாக அவளை நேருக்கு நேர் பார்த்துச் சொன்ன வார்த்தை.

அதன் பிறகு சின்னவளுக்குப் பஸ் பழக்கமாகிவிட்டது. பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு கிளம்புவாள், பள்ளிக்கூடம் வரும், இறங்க மாட்டாள். கடைசி வரை போய், அங்கே இருக்கும் சிமெண்டுப் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவாள். கண்டக்டர்கள் அவளுக்கு 'கடைசி ஸ்டாப்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கடைசி ஸ்டாப் வந்தாச்சு, வண்டிய எடுக்கலாம் என்று ஒருவர் கேலி செய்வார். அந்த நாட்களில் அவளை யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்றால் அது ஒன்றுதான். பள்ளிக்குப் போகிற நாட்களிலும் பெரிய வித்தியாசம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் முதல் மாதம் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். இரண்டாம் மாதம் கையை எடுத்துக்கொண்டாள், மூன்றாம் மாதம் ஜன்னல் ஓரம் காற்று வருகிறது என்று சொல்லிவிட்டு இடத்தையே மாற்றிக்கொண்டாள். பாவம், அவளைச் சொல்லியும் குற்றமில்லை. பேசினால் பதில் வராத ஒருத்தியோடு எத்தனை நாளைக்குத்தான் உட்கார்ந்திருக்க முடியும்?

வீட்டில் அவள் கண்ணாடி பார்ப்பதை நிறுத்தியிருந்தாள். தலையைத் தடவிப் பார்த்து வகிடு எடுத்தாள், அது ஒரு நாளும் நேராக வந்ததில்லை. கண்ணாடியில் பார்த்தால் படத்தில் இருக்கிற கண் அவள் முகத்தில் இருக்கிறது. படத்தைப் பார்த்தால் அவள் கண் அங்கே இருக்கிறது. ஒரு நாள் வீட்டில் யாரும் இல்லாதபோது நாற்காலியைப் போட்டு ஏறி, படத்துக்கு நேராக முகத்தை வைத்து, "அக்கா" என்று கூப்பிட்டாள். அக்காவின் முடிக்குக் கீழே, அக்காவின் சிரிப்புக்கு மேலே இருந்து அவளே அவளைப் பார்த்தாள். இறங்கும்போது, "திருடி" என்று அவள் வாயிலிருந்து வந்தது. யார் யாரைத் திருடினார்கள் என்று அவளுக்கே விளங்கவில்லை.

அவள் யோசித்து யோசித்துக் கண்டுபிடித்தது இதுதான். அம்மா தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் ஆசை ஆசையாகப் பார்ப்பது இந்தக் கண்ணைத்தான். கொஞ்சுவது இந்தக் கண்ணைத்தான், அலுவலகக் கதையெல்லாம் சொல்வது இந்தக் கண்ணிடம்தான். அப்படியும் அதில் ஒரு துளிகூட இவளுக்கு வந்து சேரவில்லை. இவள் நான்கடி தள்ளி டம்ளரோடு நின்றுகொண்டிருக்கிறாள். சில சமயம் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டால், கூடத்தில் அந்த இரண்டு கண்ணும் திறந்தபடியே கிடக்கிறதே என்று தோன்றும். தன் கண் ஒன்றும் மூடவில்லை என்று தோன்றும். தூக்கம் எங்கே வரும்?

இப்படி இருக்கும்போதுதான் இறுதித் தேர்வு விண்ணப்பம் வந்தது. வகுப்பு டீச்சர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, எல்லாரும் கொடுத்துவிட்டார்கள், நீ ஒருத்திதான் பாக்கி, திங்கட்கிழமை படத்தோடு வரவில்லை என்றால் இந்த வருடம் எழுத முடியாது என்றாள். காது இரண்டும் தெரிய வேண்டும், கண் இரண்டும் நன்றாகத் திறந்திருக்க வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே அச்சடித்திருந்தது. உங்க அப்பாவே ஸ்டூடியோதானே வைத்திருக்கிறார், உனக்கு என்ன கஷ்டம் என்று டீச்சர் கேட்டாள். நியாயமான கேள்விதான்.

சனிக்கிழமை மத்தியானம் ஸ்டூடியோவுக்குப் போனாள். ஒரு பெண் கைக்குழந்தையோடு உள்ளே இருந்தாள். குழந்தை அப்பாவையும் குடையையும் நீலத் திரையையும் முட்ட முட்ட விழித்துப் பார்த்தது, ஒரு தடவைகூடக் கண்ணை மூடவில்லை. அவர்கள் போனதும் அப்பா ஸ்டூலைத் துடைத்துவிட்டு, வா என்றார். அன்றைக்குப் பிறகு அவள் அந்த ஸ்டூலில் உட்கார்ந்ததே இல்லை. அப்பாவும் அதை நினைத்திருப்பார். விளக்கை நகர்த்தும்போது தேவைக்கு மேல் சத்தம் போட்டார்.

மூன்று எண்ணினார். வெளிச்சம் அடித்தது. படம் பார்த்தார், மூடியிருந்தது. பரவாயில்லை என்றார், மறுபடி எண்ணினார். மூடியிருந்தது. முதல் இரண்டு தடவை அவள் வேண்டுமென்றேதான் மூடினாள். என்ன பிடிவாதமோ, அவளிடம் கேட்டாலும் சொல்லத் தெரிந்திருக்காது. மூன்றாம் தடவையிலிருந்து அது அவள் கையில் இல்லை. திறந்து வைத்திருக்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். வெளிச்சம் வருவதற்கு ஒரு நொடி முன்னால் இமை தானாக இறங்கியது, யாரோ விரல் வைத்து இறக்கிவிடுவது போல. எண்ணாமல் எடுத்தார். பேச்சுக் கொடுத்துக்கொண்டே எடுத்தார். ஃபிளாஷை அணைத்துவிட்டு எடுத்தார். பதினாலு படம். பதினாலிலும் மூடியிருந்தது. அவருக்கு அந்தப் பழக்கம் யாருடையது என்று சொல்லித் தர வேண்டியதில்லை.

"சரி விடு" என்று கேமராவைக் கீழே வைத்தார். அன்றைக்கு எடுத்தது கம்ப்யூட்டரில் இருக்கிறது, அதில் நன்றாகத் திறந்திருந்தாய், அதையே சின்னதாகப் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டே போய் உட்கார்ந்து தேட ஆரம்பித்தார். அவள் பின்னால் போய் நின்றாள். அவருக்கு இப்போதும் ஒற்றை விரல்தான். தேதி வாரியாகப் போய், அந்தத் தேதியைத் திறந்தார்.

திரையில் அவள் முகம் வந்தது. கலைந்த தலை, வீங்கிய மூக்கு, இறக்கிய மோவாய். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெள்ளை ஓட்டைகள் இருந்தன. ஓரம் எல்லாம் கத்தரியால் நறுக்கின மாதிரி சுத்தமாக இருந்தது.

அப்பா அவசரமாக மூடப் பார்த்தார், விரல் தடுமாறிப் படம் இன்னும் பெரிதாயிற்று. அவள் அவர் கையைப் பிடித்து நகர்த்திவிட்டுப் பார்த்தாள். எட்டு மாதமாகத் தான் இப்படித்தான் நடமாடிக்கொண்டிருந்தோம் என்று அவளுக்குத் தோன்றியது. அம்மா ஏன் பார்க்கவில்லை என்றால், இதில் பார்க்க என்ன இருக்கிறது?

"நகல் எடுக்கத் தெரியாது எனக்கு அப்போ" என்றார் அப்பா. "வெட்டி ஒட்டத்தான் தெரியும். மூடுறப்போ சேமிக்கவான்னு கேட்டுச்சு. சரின்னு அழுத்திட்டேன்."

"அம்மாகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

"வேணாம்மா. அவ அதப் பாத்துதான் நாள ஓட்டிட்டு இருக்கா."

"அப்போ நான் எதப் பாத்து ஓட்டுறது?"

ஊரில் பாதிப் பேருக்கு மோவாயை இறக்கு, தோளைத் தூக்கு, சிரி என்று சொல்லிக்கொண்டே இருக்கிற மனிதர், வாயைத் திறந்து மூடிவிட்டுத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வழியில் இரண்டு பஸ் நின்று போயின. ஏறவில்லை, நடந்தே வீட்டுக்குப் போனாள்.

அம்மா அப்போதுதான் வந்திருந்தாள். சனிக்கிழமை அரை நாள்தான், ஆனாலும் மூன்று மணி ஆகிவிடும். கைப்பை தோளில் தொங்க, படத்தின் முன்னால் நின்று, புதிதாக வந்த பெண்ணுக்குப் போர்டில் எந்த ஒயர் எங்கே போகிறது என்று தெரியவில்லை, தலையில் அடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். விரல் அந்தத் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தது. சின்னவள் போய் நடுவில் நின்றாள். படத்துக்கும் அம்மாவுக்கும் நடுவில் இதுவரை அந்த வீட்டில் யாரும் நின்றதில்லை. அம்மா வழக்கம் போல அவள் தோளைத் தாண்டிப் பார்த்தாள்.

"அது தூசி இல்லம்மா" என்றாள் சின்னவள். "எங்கண்ணு."

அம்மாவுக்குப் புரியவில்லை. புரியாமல் இருப்பதுதானே நியாயம். சின்னவள் எல்லாவற்றையும் சொன்னாள். பாதி தூக்கிய ஷட்டர், குடை விளக்கு, அப்பாவின் ஒற்றை விரல், எதையும் விடவில்லை. சொல்லச் சொல்ல அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பாடம் ஒப்பிப்பது போல ஒப்பித்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, கீழ் இமையை விரலால் இழுத்து, இடது கண் வெள்ளையில் இருந்த புள்ளியைக் காட்டினாள். பெற்றவளுக்குத் தெரியாத புள்ளியா அது? தொட்டிலில் கிடந்தபோதே டாக்டரிடம் காட்டி, ஒன்றும் செய்யாது என்று அவர் சொன்ன பிறகுதான் அம்மாவுக்கு மூச்சு வந்தது.

அம்மா படத்தைப் பார்த்தாள். கையை உயர்த்தி, படத்தில் கண் இருந்த இடத்தை உள்ளங்கையால் மூடினாள். கைக்குக் கீழே சிரிப்பு மட்டும் இருந்தது. மேல் உதடு லேசாக ஒரு பக்கம் ஏறின அந்தச் சிரிப்பு பெரியவளுடையதுதான், அதில் சந்தேகம் இல்லை. கையை எடுத்தாள். மறுபடி மூடினாள். அப்படி மூன்று நான்கு தடவை செய்தாள். கைப்பை தோளிலிருந்து நழுவி முழங்கையில் வந்து தொங்கியது. இப்போது அடிக்கப் போகிறாள் என்று சின்னவள் நினைத்தாள். அடித்தால் நல்லது என்றும் நினைத்தாள்.

"பரீட்சையெல்லாம் இல்லம்மா அன்னைக்கு" என்றாள். "பஸ்ஸுல சும்மா போயிட்டு வந்தேன். பயமா இருந்துச்சு."

"தெரியும். உங்க டீச்சர் மறுநாளே சொல்லிட்டாங்க."

அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சின்னவளும் எதிரில் உட்கார்ந்தாள். தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். அம்மா போர்டில் பேசுகிற குரலில், அவசரம் இல்லாமல், ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினாள்.

"ஒரு நிமிஷம் இருக்கும் அவ முழிச்சிருந்தது. சின்னவ எங்கம்மான்னா. இந்தா வந்துடுவான்னு சொல்லிட்டு நான் கதவப் பாத்தேன். நீ வந்துட்டா காட்டிடலாம்னு கதவயே பாத்துட்டு இருந்தேன். திரும்பிப் பாத்தா மூடிட்டா." மூச்சை இழுத்துக்கொண்டாள். "எட்டு நாளா அதுக்குத்தான் காத்துக் கெடந்தேன். அவ கண்ண நான் பாக்கவே இல்லடி."

தன் மேல் இருந்தது கோபம் என்று எண்ணிச் சின்னவள் எட்டு மாதம் அதைச் சுமந்திருந்தாள். அதைச் சுமப்பது எப்படி என்றாவது பழகியிருந்தது. இது வேறாக இருந்தது. இதற்கு மன்னிப்புக் கேட்டால்கூடத் தீராது, கேட்காமல் இருந்தாலும் தீராது என்று பட்டது.

அம்மா இரண்டு விரலால் அவள் மோவாயைப் பிடித்தாள். பிடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அம்மாவின் பார்வை அவள் மேல் விழுந்தது. இதற்காக அவள் எவ்வளவு ஏங்கியிருக்கிறாள். நான்கடி தள்ளி டம்ளரோடு நின்றபோது எவ்வளவு பொறாமைப்பட்டிருக்கிறாள். இப்போது அது நேராக வந்தபோது அவளுக்குப் பயமாக இருந்தது. அம்மா அவ்வளவு பசியோடு பார்த்தாள். அம்மாவின் உதடு அசைந்தது.

"பெரியவளே" என்றாள்.

"நான் சின்னவம்மா."

"தெரியும்" என்றாள் அம்மா. மோவாயைப் பிடித்த விரல் விடவில்லை. "தெரியும்டி. கொஞ்ச நேரம் மூடாம இரு."

வாசலில் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது. ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே ஓடி வந்திருப்பார். சத்தம் வாசற்படி வரை வந்து நின்றுவிட்டது, உள்ளே வரவில்லை. மூன்று மணி வெயில் ஜன்னல் வழியாக நேராக அவள் முகத்தில் அடித்தது. கண் எரிந்தது. நீர் கட்டிக் கட்டி அம்மாவின் முகம் கலைந்தது, கூடியது, மறுபடி கலைந்தது. இமை இறங்கப் பார்த்தது. சின்னவள் கையைத் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டு, மூடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.